ஒளிக்க ஏதுமில்லாத நடிகர்கள்: ‘ஆம்ஸ்டர்டாம்’ படமும் பல்நட்சத்திரத் த்ரில்லரின் இலக்கணமும்

பெயர்பெற்ற நடிகர் பலர் ஒரே கதையைப் பங்கிட்டுச் சுமக்கும் படத்தைத் தமிழ்ப் பத்திரிகைகள் மல்டி ஸ்டாரர் என்றும் பல்நட்சத்திரப் படம் என்றும் எழுதிவருகின்றன. குற்றத்தையோ சதியையோ நடுவில் வைத்து, அடுத்து என்ன நேரும் என்ற பதற்றத்தாலேயே பார்வையாளரை இழுத்துச்செல்லும் படத்தை த்ரில்லர் என்கின்றன. இவ்விரு வகைகளும் கூடும்போது பிறக்கும் படங்களில் மிகப் பல ஏமாற்றத்தில் முடிகின்றன. அந்த ஏமாற்றத்தைப் பார்வையாளர் பெரும்பாலும் ஒரே சொற்றொடரில் வெளியிடுகின்றனர்: இத்தனை பேரை வைத்துக்கொண்டு வீணடித்துவிட்டார்கள் என்பது அது. இந்தக் குறை நியாயமானது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம், அதாவது ஒவ்வொரு நடிகருக்கும் கிடைத்த நேரம் போதவில்லை என்பது, பெரும்பாலும் தவறானது. நேரம் ஏராளமாக இருந்த படங்களே நடிகர்களை மிகுதியாக வீணடித்திருக்கின்றன. நடிகருக்குத் திரையில் தேவைப்படுவது நிமிடக் கணக்கு அன்று, மறைப்பதற்கு ஏதேனும் ஒன்று என்பதே இவ்வுரையின் வாதம். அதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுவது, டேவிட் ஓ. ரஸ்ஸல் எழுதி இயக்கி 2022 அக்டோபரில் வெளியான ‘ஆம்ஸ்டர்டாம்’ என்னும் அமெரிக்கப் படம்.

134 நிமிடம் ஓடும் அப்படத்தின் நடிகர் பட்டியல் அண்மைக்கால ஹாலிவுட்டில் எளிதில் வாய்க்காத ஒன்று. கிறிஸ்டியன் பேல், மார்கோ ராபி, ஜான் டேவிட் வாஷிங்டன் ஆகிய மூவர் முதன்மைப் பாத்திரங்களில் வர, ராபர்ட் டி நீரோ, ராமி மாலிக், அன்யா டெய்லர்-ஜாய், கிறிஸ் ராக், ஸோயி சல்டானா, மைக்கேல் ஷானன், மைக் மையர்ஸ், ஆண்ட்ரியா ரைஸ்பரோ, திமோத்தி ஓலிஃபன்ட், மத்தியாஸ் ஸ்கூனார்ட்ஸ், பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் முதலியோர் அவர்களைச் சூழ்ந்து நிற்கின்றனர். ‘கிராவிட்டி’, ‘பேர்ட்மேன்’, ‘தி ரெவனன்ட்’ ஆகிய படங்களுக்காக அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் ஆஸ்கர் பெற்ற இமானுவேல் லுபெஸ்கியே ஒளிப்பதிவாளர். ஏறத்தாழ 8 கோடி டாலர் செலவில் உருவான படம் உலகெங்கும் சேர்த்து அதில் பாதியைக்கூடத் திரட்டவில்லை. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் ஒரு பிரிவிலும் இடம்பெறவில்லை. வசூலும் விருதும் ஒரு படைப்பின் தரத்துக்கு அளவுகோல் ஆகா என்பதால் அவற்றை இத்துடன் விட்டுவிடலாம்.

கதை 1933-இல் நியூயார்க்கில் தொடங்குகிறது. முதல் உலகப்போரில் ஒரு கண்ணை இழந்து, கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்ட மருத்துவர் பர்ட்டும், அதே போரில் அவருடன் இருந்த கறுப்பின வழக்கறிஞர் ஹெரால்டும், தங்கள் பழைய படைத்தலைவரின் மரணத்தில் ஐயம் கொண்ட அவருடைய மகளின் வேண்டுகோளை ஏற்றுப் பிணப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கின்றனர். அந்த மகள் தெருவில் வண்டிக்கு அடியில் தள்ளிக் கொல்லப்பட, பழி இவ்விருவர்மீது விழுகிறது. பிறகு படம் 1918-க்குச் செல்கிறது; பிரான்ஸில் காயம்பட்டுக் கிடந்த இருவருக்கும் பணிவிடை செய்த வாலரி என்னும் செவிலியும் அவர்களும் ஆம்ஸ்டர்டாமில் சேர்ந்து வாழ்ந்த காலம் காட்டப்படுகிறது. மீண்டும் 1933-க்குத் திரும்பும் கதை, அமெரிக்க அரசைக் கவிழ்த்து ஒரு சர்வாதிகாரியை அமர்த்த முனையும் செல்வந்தர் சிலரின் சதியில் போய் முட்டுகிறது. கொலை, பழி, பிரிந்த காதல், நாட்டையே உலுக்கும் சதி என த்ரில்லருக்கு வேண்டிய அனைத்தும் இதில் இருக்கின்றன. ஆயினும் படம் ஓடஓடப் பதற்றம் ஏறாமல், பார்வையாளரின் கை கடிகாரத்தை நாடுகிறது.

இதற்கான காரணத்தைத் தேட, இவ்வகைப் படங்களில் உச்சம் தொட்ட ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். அகதா கிறிஸ்டி 1934-இல் வெளியிட்ட நாவலை அடியொற்றிச் சிட்னி லூமெட் 1974-இல் இயக்கிய ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ 128 நிமிடம் ஓடுவது. நீளத்தில் ‘ஆம்ஸ்டர்டா’முக்கும் அதற்கும் ஆறே நிமிட வேறுபாடு. ஆல்பர்ட் ஃபின்னி, லாரன் பகால், இங்ரிட் பெர்க்மன், ஷான் கானரி, ஜான் கில்கட், வனெஸ்ஸா ரெட்கிரேவ், ஆண்டனி பெர்க்கின்ஸ், வெண்டி ஹில்லர் என அதன் நடிகர் வரிசையும் நீளமானதே. பனியில் சிக்கி நின்ற ரயிலில் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டிருக்க, துப்பறிவாளர் பாய்ரோ பயணிகளை ஒவ்வொருவராக அழைத்து விசாரிக்கிறார். ஏறக்குறைய ஒவ்வொரு நடிகருக்கும் கிடைப்பது ஒரு விசாரணைக் காட்சியும், கூட்டத்தோடு சேர்ந்து தோன்றும் சில கணங்களுமே. நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால் அப்படமே எல்லோரையும் வீணடித்திருக்க வேண்டும்.

பெர்க்மனின் காட்சி இங்கே சற்று நெருங்கிப் பார்க்கத் தக்கது. படத்தின் பெரிய பெண் பாத்திரங்களில் ஒன்றான முதிய ரஷ்ய இளவரசியின் வேடத்தை லூமெட் அவருக்கு அளிக்க விரும்பியபோது, அதை விடுத்துச் சுவீடன் நாட்டு மதப்பணியாளரான கிரெட்டாவின் சிறு வேடத்தை அவரே கேட்டுப் பெற்றார். கிரெட்டாவின் விசாரணை, இடையில் வெட்டே இல்லாமல் ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீளும் ஒரே ஷாட்டாகப் படமாக்கப்பட்டிருக்கிறது. தட்டுத்தடுமாறும் ஆங்கிலம், நிலைகொள்ளாத கண்கள், கடவுளைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகத்தில் படரும் தெளிவு ஆகியவற்றைக் காமிரா அவரைவிட்டு விலகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல்முறை பார்ப்பவருக்கு அது வெள்ளந்தியான ஒரு பெண்ணின் கூச்சம். அப்பெண், கொல்லப்பட்டவன் முன்பு கடத்திக் கொன்ற குழந்தையை வளர்த்த செவிலி என்பது தெரிந்தபின் மறுமுறை பார்ப்பவருக்கு, அதே தடுமாற்றம் பொய் சொல்லிப் பழகாத ஒருத்தி பொய் சொல்லும்போது படும் வேதனையாகத் தெரிகிறது. நடிகை நடிக்கிறார்; அவர் ஏற்ற பாத்திரமான அப்பெண்ணும் நடித்துக்கொண்டிருக்கிறாள். இவ்விரண்டு அடுக்குகளும் ஒரே முகத்தில் நிகழ்வதால்தான் அந்த ஐந்து நிமிடம் பெர்க்மனுக்கு அவருடைய மூன்றாவது ஆஸ்கரைப் பெற்றுத்தந்தது.

அப்படத்தில் நட்சத்திரங்கள் நிறைந்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மர்மக் கதையில் நடிகர் தேர்வே ஒரு துப்பாகிவிடும். சிறியதாகத் தோன்றும் பாத்திரத்தில் மிகப் பெரிய நடிகர் ஒருவர் வந்தால், குற்றவாளி அவரே என்று பார்வையாளர் முன்கூட்டி ஊகித்துவிடுவார். லூமெட்டின் ரயிலிலோ எல்லோருமே பெரிய நடிகர்கள் என்பதால் ஐயம் எல்லோர்மீதும் ஒரே அளவில் பரவி நிற்கிறது. குற்றத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்ற முடிவுக்கு அதைவிடப் பொருத்தமான நடிகர் தேர்வு இருக்க முடியாது. பல்நட்சத்திரம் என்பது அங்கே சுவரொட்டிக்கான கவர்ச்சியாக மட்டும் நில்லாமல் திரைக்கதையின் உறுப்பாகவே ஆகியிருக்கிறது.

‘ஆம்ஸ்டர்டா’மில் இந்த இலக்கணம் தலைகீழாகிறது. வாலரியின் அண்ணனும் ஆடை ஆலை அதிபருமான டாம் பாத்திரத்தில் ஆஸ்கர் பெற்ற ராமி மாலிக் மென்குரலில் பேசத் தொடங்கிய கணமே, சதியின் ஒரு முனை அவர் கையில் இருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடுகிறது. அவ்வாறு வெளிப்படுவது பிழையன்று. வெளிப்பட்டபின் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலையே குறைபாடானது. மாலிக்கும் அவர் மனைவி லிபியாக வரும் டெய்லர்-ஜாயும் தங்கள் மாளிகையில் விருந்தினரை வரவேற்கும் காட்சியில், ஒருவர் பேச மற்றவர் குறுக்கிட, குடும்பத்தின் செல்வநிலை, வாலரியின் நோய், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற தகவல் எல்லாம் வசனமாகவே கொட்டப்படுகின்றன. லிபிக்குத் தளபதி ஒருவர்மீது இருக்கும் மட்டற்ற மோகம் மட்டும் டெய்லர்-ஜாயின் குரலில் வேண்டாத இடத்திலெல்லாம் பீறிட்டு வருகிறது. அந்த ஒரு நூலைப் பிடித்து அவர் எவ்வளவு தூரம் போயிருக்கக்கூடியவர் என்பதை அந்தச் சில கணங்களே காட்டிவிடுகின்றன. படம் அதைத் தொடரவில்லை.

மற்றவர்களின் நிலையும் இதிலிருந்து பெரிதும் மாறுபட்டதன்று. பறவைகளின்மீது பற்றுக்கொண்ட இரு உளவாளிகளாக வரும் மையர்ஸும் ஷானனும் தோன்றும்போதெல்லாம் கதை எங்கே நிற்கிறது என்பதை நாயகர்களுக்கும் பார்வையாளருக்கும் விளக்கிவிட்டுப் போகின்றனர். உளவாளி என்பவன் தொழிலாலேயே நடிகன். அவனை விளக்கவுரைக்குப் பயன்படுத்துவது அப்பாத்திரத்தின் இயல்புக்கே எதிரானது. பிணப் பரிசோதனை செய்யும் இர்மாவாக வரும் சல்டானாவுக்குப் பர்ட்மீது சொல்லாத அன்பு இருக்கிறது. அது ஓரிரு பார்வைகளில் தலைகாட்டுகிறது, பிறகு கதை அவரை நீண்டநேரம் மறந்துவிடுகிறது. போதாக்குறைக்குப் பர்ட்டின் பின்னணிக் குரல், அதாவது காட்சிக்கு வெளியே நின்று கதை சொல்லும் குரல், திரையில் கண்ணால் கண்டதையே மீண்டும் சொற்களில் சொல்லிக்கொண்டு வருகிறது. லுபெஸ்கியின் காமிரா அகன்ற லென்ஸுடன் முகங்களை மிக நெருங்கிப் போகிறது. முகத்தில் ஏதோ மறைந்திருக்கிறது என்று நம்பும் காமிரா அது. மறைப்பதற்கு எதுவும் அளிக்கப்படாத முகங்களின் முன்னே போய் அது நிற்பதைப் பார்ப்பது உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

இதை ரஸ்ஸலின் திறமைக் குறைவு என்று எழுதி முடித்துவிட முடியாது. 2013-இல் அவர் இயக்கிய ‘அமெரிக்கன் ஹசில்’ இதைவிடச் சற்று நீளமானது, 138 நிமிடம்; அதன் நடிகர் நால்வர் ஆஸ்கரின் நான்கு நடிப்புப் பிரிவுகளிலும் பரிந்துரை பெற்றனர். அதில் வருவோர் ஏறக்குறைய அனைவரும் மோசடிக்காரர்கள் அல்லது மோசடிக்காரர்போல் வேடமிடுபவர்கள். அதன் தொடக்கத்தில் இதே பேல், தொப்பை விழுந்த உடலுடன் கண்ணாடிமுன் நின்று, வழுக்கைத் தலையில் பொய்முடியை வைத்துப் பசையால் ஒட்டி, பக்கவாட்டு முடியை அதன்மேல் வாரி மூடி மறைக்கும் நீண்ட காட்சி இருக்கிறது. வசனம் ஒன்றும் இல்லாமலே, இந்த மனிதன் தன்னை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்புகிறான், எதற்கு அஞ்சுகிறான் என்பது முழுவதும் விளங்கிவிடுகிறது. ‘ஆம்ஸ்டர்டா’மில் அதே நடிகருக்குக் கண்ணாடிக் கண் கொடுக்கப்பட்டிருக்கிறது. அது அடிக்கடி கழன்று விழுகிறது. அவர் அதைத் தேடி எடுத்துப் பொருத்திக்கொள்கிறார். பொய்முடி ஒரு மனிதனை மறைத்தது. கண்ணாடிக் கண்ணோ பார்வையாளரைச் சிரிக்கவைக்கும் பொருளாக மட்டுமே நின்றுவிடுகிறது. பேல் முதுகை வளைத்து, நடையை மாற்றி, குரலைக் கரகரப்பாக்கி எவ்வளவோ உழைத்திருக்கிறார். ஆனால் பர்ட் யாரிடமும் எதையும் மறைக்காத மனிதர் என்பதால் அவ்வுழைப்பு முழுவதும் உடலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது.

நீளத்தைப் பற்றிய குறைக்கும் இதிலிருந்தே விடை பிறக்கிறது. மைக்கேல் மன் 1995-இல் இயக்கிய ‘ஹீட்’ 170 நிமிடம் ஓடுகிறது. அது நீளம் என்று குறைப்பட்டுக்கொள்வோர் மிகக் குறைவு. அதில் டென்னிஸ் ஹேஸ்பர்ட் நடித்த பிரீடன் என்னும் பாத்திரம் மிகச் சில காட்சிகளில் மட்டுமே வருகிறது. சிறையிலிருந்து வெளிவந்து உணவகம் ஒன்றின் அடுப்பில் வேலைக்குச் சேர்பவனிடம், அவன் சம்பளத்தில் ஒரு பங்கைத் தனக்குத் தரவேண்டும் என்கிறார் முதலாளி. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொள்கிறான். மனைவி அவனைப் பெருமையாகப் பார்க்கும்போது அவமானத்தை விழுங்கிக்கொண்டு நிற்கிறான். பிறகு ஒருநாள் டி நீரோ நடித்த கொள்ளைக்கூட்டத் தலைவன் அதே உணவகத்துக்கு வந்து, வண்டி ஓட்ட வருகிறாயா என்று கேட்கும்போது, அவன் முடிவெடுக்கச் சில நொடிகள்தான் ஆகின்றன. அந்த நொடிகளுக்குள் அதுவரை அவன் அடக்கிவைத்த எல்லாம் ஹேஸ்பர்ட்டின் முகத்தில் வந்துபோகிறது. கொள்ளை நடந்த அன்றே அவன் சுடப்பட்டு இறக்கிறான்; செய்தியை அவன் மனைவி தொலைக்காட்சியில் பார்த்து அறிகிறாள். கதையின் நடுப்போக்குக்குத் தேவையே இல்லாதவன் என்று எவரும் வெட்டியிருக்கக்கூடிய இப்பாத்திரத்துக்காகப் படம் செலவிட்ட நிமிடங்கள், அதன் மொத்த நீளத்தையும் நியாயப்படுத்துகின்றன. ‘ஆம்ஸ்டர்டா’மிலிருந்து அரைமணி நேரத்தை வெட்டினாலும் அது விரைவாகத் தோன்றாது, வெட்டியபின் எஞ்சுவதும் அதே விளக்கவுரையாகத்தான் இருக்கும்.

இவையெல்லாவற்றையும்விட ஆழமான இழப்பு வரலாற்றைச் சார்ந்தது. படம் எடுத்தாண்ட சதி கற்பனையில் பிறந்ததன்று. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் தளபதியாக இருந்து, நாட்டின் உயரிய வீரப்பதக்கத்தை இருமுறை பெற்று, 1931-இல் ஓய்வுபெற்ற ஸ்மெட்லி பட்லரை, பங்குப் பத்திரங்கள் விற்கும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த ஜெரால்ட் மெக்வயர் 1933-இல் தேடிவந்து சந்தித்தார். தங்கத்தின் குறிப்பிட்ட எடையோடு நாணயத்தின் மதிப்பைப் பிணைத்துவைக்கும் ஏற்பாட்டுக்குத் தங்க அடிப்படை என்று பெயர். அவ்வாண்டு அதை அதிபர் ரூஸ்வெல்ட் கைவிட்டது பெருஞ்செல்வர் பலரைக் கலங்கச் செய்திருந்தது. முன்னாள் படைவீரர் சங்கத்தின் சிகாகோ மாநாட்டில் தங்க அடிப்படையை ஆதரித்துப் பேச, எழுதியே கொண்டுவந்த உரை ஒன்று பட்லரிடம் நீட்டப்பட்டது. பிறகு மெக்வயர் ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள முன்னாள் படைவீரர் அமைப்புகளைப் பார்த்துவந்தார்; வழியிலிருந்து பட்லருக்கு அஞ்சலட்டைகளும் அனுப்பினார். 1934 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா விடுதி ஒன்றில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, 5 இலட்சம் முன்னாள் வீரர்களைத் திரட்டித் தலைநகருக்குச் செல்லும் திட்டம் தன்னிடம் வைக்கப்பட்டதாகப் பட்லர் பின்னர்ச் சாட்சியம் அளித்தார்.

த்ரில்லர் எழுதுவோர் கவனிக்க வேண்டிய செய்தி இதில் ஒன்று உண்டு. பட்லர் முதல் சந்திப்பிலேயே மெக்வயரை விரட்டிவிடவில்லை. பின்னால் இருப்பவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறியும்பொருட்டு ஓராண்டுக்கும் மேலாக அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பால் காம்லி ஃபிரெஞ்ச் என்னும் செய்தியாளரும் அனுதாபம் உள்ளவர்போலக் காட்டிக்கொண்டு மெக்வயரிடம் பேசிச் செய்தி திரட்டினார். தன் மனத்தை மறைத்துக்கொண்டு எதிராளியின் மனத்தைத் திறக்கப் பார்த்த ஒரு முதிய படைத்தலைவர், அவருக்குத் துணையாக வேடமிட்ட ஒரு பத்திரிகையாளர், எவர் சார்பில் வருகிறோம் என்பதைச் சிறிது சிறிதாக மட்டும் வெளியிட்ட ஒரு தரகர் ஆகிய மூவரும் நடிப்பதற்கென்றே அமைந்த பாத்திரங்கள். 1934 நவம்பரில் காங்கிரஸின் மெக்கார்மாக்-டிக்ஸ்டைன் குழுவின் முன்னே பட்லர் சாட்சியளித்தார். முதன்மையான விவரங்களைச் சரிபார்க்க முடிந்தது என்று குழுவின் அறிக்கை கூறிற்று. ஆயினும் எவர்மீதும் வழக்கு தொடரப்படவில்லை. வெளியிடப்பட்ட சாட்சியத்திலிருந்து சில பெரும்பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. திட்டம் எந்த அளவுக்கு முதிர்ந்திருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. அந்த ஐயமே ஒரு த்ரில்லருக்குக் கிடைக்கக்கூடிய அரிய செல்வம்.

படத்தில் பட்லர், டில்லன்பெக் என்னும் பெயரில் பிற்பாதியில்தான் முழு உருவம் பெறுகிறார். நடிப்பவர் டி நீரோ. அவரிடமும் பணம் நீட்டப்படுகிறது. சதிகாரரை வெளியே இழுக்க அவரும் ஒரு பொறிக்கு உடன்படுகிறார். ஆனால் அவர் மனம் எந்தப் பக்கம் என்பது அவர் வாய்திறந்த கணத்திலிருந்தே பார்வையாளருக்குத் தெரியும். ஓராண்டு நீண்ட பாசாங்கு, விழா ஒன்றின் ஏற்பாட்டுக்குள் சுருங்கிப்போகிறது. இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓடும்போது, பட்லர் தன் குற்றச்சாட்டைக் காமிராமுன் பேசிய பழைய செய்திப்படத் துண்டும், டி நீரோ அதே சொற்களைப் பேசும் காட்சியும் அருகருகே காட்டப்படுகின்றன. டி நீரோவின் ஏற்ற இறக்கம் பட்லரை நுணுக்கமாகப் பின்தொடர்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க உழைப்பு அது. பேச்சை மட்டும் அவருக்குக் கொடுத்த படம், அப்பேச்சுக்கு முன்னே பட்லர் வாய்மூடி இருந்த ஓராண்டையும் கொடுத்திருந்தால், ‘ஹீட்’டின் நடிகருக்கு அதைத் தாங்கும் வலிமை உண்டு என்பதில் ஐயமில்லை.

படத்தை விரும்புவோர் கூறும் மறுமொழி ஒன்று மதிப்புக்குரியது. ‘ஆம்ஸ்டர்டாம்’ சதியைப் பற்றிய படமன்று. வெறுப்பு ஆளும் உலகில் மூவர் கட்டிக்காத்த நட்பைப் பற்றியது. ஆதலால் அதைத் த்ரில்லராக அளப்பதே தவறு என்பர். 1918-ஐக் காட்டும் பகுதி இவ்வாதத்துக்கு உண்மையிலேயே வலுச்சேர்க்கிறது. அமெரிக்கப் படையின் கறுப்பின வீரர்கள் பிரெஞ்சு ராணுவத்தின்கீழ் போரிட நேர்ந்த வரலாறு, 369-ஆம் காலாட்படைப் பிரிவின் வரலாறு, அங்கே கதையோடு இயல்பாக இணைகிறது. மருத்துவமனையில் வாலரி முதலில் பிரெஞ்சுக்காரியாகவே தோன்றுகிறாள், அம்மொழியிலேயே பேசுகிறாள், வீரர்களின் உடலிலிருந்து எடுத்த குண்டுச் சிதறல்களைப் பிறர் அறியாமல் சேர்த்துவைக்கிறாள். பின்னர்த் தான் அமெரிக்கப் பெண் என்பதையும், அந்த இரும்புத் துண்டுகளைக் கலைப்பொருளாக மாற்றுவதையும் தோழர் இருவருக்கு மட்டும் வெளிப்படுத்துகிறாள். ராபியின் நடிப்பு படம் முழுவதிலும் மிக உயிரோடு இருப்பது அங்கேதான். வாலரியிடம் மறைக்க ஒன்று இருந்த இடமும் அதுவே. நட்பைச் சொல்லும் படத்துக்கும் அந்த இலக்கணம் பொருந்துகிறது. அதே பெண் சொல்லாமல் ஆம்ஸ்டர்டாமைவிட்டு அகன்று, பல ஆண்டுகளுக்குப்பின் அண்ணனின் மாளிகையில் மருந்து மயக்கத்தில் தள்ளாடும் நிலையில் ஹெரால்டின் முன்னே வந்து நிற்கும்போது, சொல்லாமல் போனவளுக்கும் காத்திருந்தவனுக்கும் இடையே ஒரு முழுக் காட்சி தேவைப்பட்டது. ராபியும் வாஷிங்டனும் அதற்கு ஆயத்தமாகவே நிற்கின்றனர். படமோ அவ்விருவரையும் அடுத்துப் பார்க்கவேண்டிய ஆளின் பெயரைக் கேட்டுக்கொள்ள விரைந்து அனுப்பிவிடுகிறது.